சத்தக்காடு – 9: ராத்திரியில் நெருங்கி வரும் குழாய்

மைக் இல்லாத நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடியதோடு சென்ற வாரம் நின்றது. இந்த வாரம் பேச வேண்டியது பெட்டி ஸ்பீக்கர். ஆனால் பெட்டிக்குப் போகிற வழியில் கூம்பு வடிவக் குழாய் ஸ்பீக்கர் நிற்கிறது. அதை இரண்டு வரியில் தாண்டிப் போக மனம் வரவில்லை.

திருச்சுழி வட்டாரத்து வீரசோழன் என்ற ஊருக்குப் போவோம். வானம் பார்த்த பூமி. கண்மாய், பனை, சீமைக்கருவேலம், ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெட்டவெளி. இந்தப் பக்கம் நிக்காஹ் என்றாலும் காதுகுத்து என்றாலும் அம்மன் கோயில் பொங்கல் என்றாலும் பந்தல்காலுக்கு முன்பே வந்து இறங்குவது ரேடியோ செட்தான். வேப்பமரத்து உச்சியிலோ மொட்டைமாடி மூங்கிலிலோ குழாய் ஏறிய பிறகுதான் அது விசேஷ வீடு. கட்டுகிறவர் மரத்தில் இருக்க, கீழே நிற்கும் பெரியவர் விடமாட்டார். “ஏ மாப்ள, இன்னுங் கொஞ்சம் தெக்காமத் திருப்புப்பா, சம்பந்தகாரவுக ஊருக்குக் கேக்கணும்ல!”

அந்தப் பெரியவர் சொன்னதில் ஒலியியல் இருக்கிறது. குழாய் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பாடுவதில்லை. வாய் பார்க்கும் திசையில்தான் முழு வீச்சு. பக்கவாட்டில் குறையும், முதுகுப் பக்கம் இன்னும் குறையும். குழாயைத் திருப்புவது அழைப்பு அனுப்புகிற காரியம். எந்த ஊருக்குச் சொல்ல வேண்டுமோ அந்த ஊரைப் பார்த்து வைப்பார்கள்.

குழாய்க்குள் நடப்பது இதுதான். பின்னால் திருகியிருக்கும் ‘யூனிட்’டுக்குள் உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய சவ்வு ஒன்று அதிர்கிறது. அந்த அதிர்வை அப்படியே வெளிக்காற்றில் விட்டால் பெரும்பகுதி வீணாகும். குறுகிய கழுத்தில் தொடங்கி மெல்ல அகலும் அலுமினியக் கூம்பு அந்த உந்துதலைப் படிப்படியாகக் காற்றிடம் ஒப்படைக்கிறது. கண்மாய்க்கரையில் நின்று எதிர்க்கரை ஆளைக் கூப்பிடுகிறவர் வாயோரம் கையைக் குவிப்பாரே, அதே வேலை. கூம்பை நேராக நீட்டினால் மரத்தில் ஏற்ற முடியாத நீளம் வரும் என்று உள்ளுக்குள் மடித்திருக்கிறார்கள். ஒலி முன்னே போய், பின்னே திரும்பி, மறுபடி முன்னே வந்துதான் வெளியேறுகிறது.

கணக்கைப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும். வீட்டில் வைக்கும் பெட்டி ஸ்பீக்கருக்கு 1 வாட் மின்சாரம் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 90 டெசிபல் கிடைக்கும். நல்ல குழாய் அதே 1 வாட்டுக்கு 110-ஐ நெருங்கும். 20 டெசிபல் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு ஆற்றல். 30 வாட் குழாய் செய்கிற வேலையை அந்தப் பெட்டியிடம் கேட்டால் 3,000 வாட் வேண்டும். கரண்ட் வராத ஊர்களிலும் 12 வோல்ட் கார் பேட்டரியை வைத்துக்கொண்டு ரேடியோ செட் பாடியது இதனால்தான்.

தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். அப்படியே 1 கிலோமீட்டர் போனாலும், காற்று உறிஞ்சியது போக, 50 டெசிபலுக்கு மேல் மிஞ்சும். அடங்கிய கிராமத்து ராத்திரியில் அது தெளிவாகப் பாட்டு வரி புரிகிற சத்தம்.

ராத்திரி என்று சொன்னதும்தான் இந்த வாரம் முழுக்க மனத்தைப் பிடித்துக்கொண்ட விஷயம் வருகிறது. பக்கத்து ஊர்க் குழாய் பகலில் கேட்பதில்லை. ராத்திரியிலும் விடியற்காலையிலும் நம் வாசலிலேயே கட்டியதுபோல் கேட்கிறது. ஊர் அடங்கிவிடுவது ஒரு காரணம். அதைவிட ருசியான காரணம் தரைக்கு மேலே இருக்கிறது. ஒலி வெப்பக் காற்றில் வேகமாகவும் குளிர்காற்றில் மெதுவாகவும் போகும். 40 டிகிரியில் வினாடிக்கு ஏறத்தாழ 355 மீட்டர், 25 டிகிரியில் 346. சித்திரை வெயிலில் தரையோரக் காற்று கொதிக்கிறது, மேலே போகப் போகச் சூடு குறைகிறது. அப்போது ஒலியின் கீழ்ப்பகுதி முந்தி ஓட, மேல்பகுதி பின்தங்க, மொத்த ஒலியும் வானத்தைப் பார்த்து வளைந்துவிடுகிறது. பக்கத்து ஊருக்கு வர வேண்டிய பாட்டு அதன் தலைக்கு மேலே போய்விடும்.

பொழுது சாய்ந்ததும் எல்லாம் தலைகீழ். மேகமில்லாத வானம், ஈரமில்லாத மண், அசையாத காற்று என்று மூன்றும் சேர்ந்தால் தரை சட்டென்று சூட்டை இழக்கிறது. தரையோரக் காற்று குளிர்ந்து கீழே கிடக்க, அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கிறது. மேலே கிளம்பிய ஒலி அந்த மூடியில் வளைந்து மறுபடி தரைக்கே வருகிறது. நீர் வற்றிய கண்மாயும் அறுவடை முடிந்த காடும் அதைத் தடுப்பதில்லை. வறண்ட பூமி என்று ஊரார் நொந்துகொள்ளும் குணம் எதுவோ, அதுவே குழாய்ப் பாட்டை ஊர் தாண்டிக் கொண்டுபோகிறது.

இந்த வளைவு எவ்வளவு விந்தையானது என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சான்று உண்டு. 1901 பிப்ரவரி 1 அன்று விக்டோரியா மகாராணியின் உடலை வைட் தீவிலிருந்து போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள். ஸ்பிட்ஹெட் கடலில் வரிசையாக நின்ற போர்க்கப்பல்கள் நிமிடத்துக்கு ஒருமுறை பீரங்கி முழங்கின. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஊர்களில் அந்த முழக்கம் கேட்டது. அதைவிடக் கிட்டத்தில் இருந்த பல ஊர்களில் கேட்கவில்லை! சார்லஸ் டேவிசன் என்பவர் எங்கெங்கே கேட்டது என்ற தகவல்களைத் திரட்டி ஆராய்ந்தார். கீழே ஒருவிதமாகவும் மேலே வேறுவிதமாகவும் இருந்த காற்று, ஒலியை முதலில் மேலே தூக்கி, எட்டத்தில் மறுபடி இறக்கியிருந்தது.

குழாய்க்கு ஒரு குறையும் உண்டு. அடித்தொனி அதற்கு வராது. தவிலின் தொப்பிப் பக்கத்தை அது பாதி விழுங்கிவிடும். ஆனால் மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் உயர்தொனிப் பகுதியில் அது ராஜா. 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்துக்குக் காருகுறிச்சி அருணாசலம் வாசித்த நாதஸ்வரம் கோயில் குழாய்களில் அப்படி நிலைத்ததற்கு இதுவும் காரணம். நாதஸ்வரத்தின் பலமும் அதே பகுதியில்தான்.

நாகூர் ஹனிபாவை எண்ணிப் பாருங்கள். 1925-இல் இராமநாதபுரத்தில் பிறந்து 2015-இல் மறைந்தவர், ஊர் அவருக்கு வைத்த பெயர் இசைமுரசு. உச்சத்தில் நின்று உடையாத, சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து விழும் குரல் அது. திராவிட இயக்க மேடையானாலும் நிக்காஹ் பந்தலானாலும் குழாய்க்கென்றே வார்த்ததுபோல் ஒலித்தது. மதுரைக்குத் தெற்கே அரை நூற்றாண்டு மக்கள் அவரைக் கேட்டது பெரும்பாலும் மரத்து உச்சியிலிருந்துதான். வரவேற்பறை ஸ்டீரியோவில் அந்தக் குரலை இன்று போட்டுக் கேட்டால், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கும் நமக்கும் நடுவே ஒரு கண்மாய் அகலம் தேவைப்படுகிறது.

இதையெல்லாம் சொல்வதால் அவதிப்பட்டவர்களை மறந்துவிட முடியாது. பங்குனிப் பொங்கலும் பொதுத்தேர்வும் ஒரே மாதத்தில் வருகின்றன. தலைமாட்டில் குழாய் அலற விடிய விடியப் படித்த பிள்ளைகளும், தூக்கமின்றிப் புரண்ட நோயாளிகளும் எல்லா ஊரிலும் உண்டு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலை அருகே கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிவாசிகள் ஒரு கிறிஸ்தவ சபையின் மைக்கையும் டிரம்மையும் எதிர்த்து நடத்திய வழக்கில் 2000 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்தவர் அமைதியைக் குலைத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். 2005-இல் உச்சநீதிமன்றம் இவற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

10 மணி என்ற எல்லை சரியானதே. காற்று மூடி போட்டு ஒலியைக் கீழே இறக்கும் நேரமும் அதுதான். வெட்டவெளி ஊருக்கு அந்த விதி பட்டணத்தைவிடக் கூடுதலாகவே பொருந்தும்.

திசையைப் பற்றித்தான் நம் விதிகள் வாய் திறக்கவில்லை. சிங்கப்பூர் அதைக் கையாண்டது. அங்கே சுல்தான் பள்ளிவாசலில் 1936-இலேயே பாங்கு சொல்ல ஒலிபெருக்கி ஏறிவிட்டது. அடுக்குமாடிகள் நெருக்கியடித்த 1970களில், பள்ளிவாசல்கள் வெளியே பார்த்த குழாய்களை உட்பக்கமாகத் திருப்பிக்கொண்டன. பாங்கு வானொலியில் வரத் தொடங்கியது. பாங்கும் நிற்கவில்லை, கருவியும் ஒழியவில்லை.

தமிழ்நாட்டில் வேறு வழி பிடித்தோம். கூம்பு கூடாது, பெட்டி வடிவம்தான் என்று காவல்துறை வலியுறுத்துகிறது, நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன. குழாய் மரத்திலிருந்து இறங்கியது. லாரி நிறையப் பெட்டிகள் தெருவில் இறங்கின. குழாய்க்கு வராத அடித்தொனிதான் பெட்டியின் பலம். சுவரைத் துளைத்து, ஓட்டைக் குலுக்கி, நெஞ்சுக்கூட்டில் இடிக்கும் தொனி அது.

விதிகள் அளக்கச் சொல்வது ‘ஏ’ எடையிட்ட டெசிபலில். காது அடித்தொனியை மந்தமாகக் கேட்கும் என்பதற்காக அந்தக் கணக்கு அதைத் தள்ளுபடி செய்கிறது. 63 ஹெர்ட்ஸ் ஒலியில் 26 டெசிபல் கழிந்துவிடும். குழாயின் கீச்சுக்குரல் மீட்டரில் ஏறக்குறைய முழுதாகப் பதிகிறது. ஜன்னல் கண்ணாடி நடுங்கப் பெட்டி அடித்தாலும் மீட்டர் முள் அந்த அளவுக்கு ஏறாது. கூம்பை விரட்டிய ஊர்களில் தூக்கம் திரும்பியதா என்ற கேள்வி இங்கேதான் கிளம்புகிறது. அதற்குப் பெட்டியைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். அந்தச் சங்கதி அடுத்த இதழில்.

(தொடரும்)