புதுவெள்ளத்தில் விரால்

ஜவ்வாது மலையில் இரண்டு நாள் இடியிடித்து மழை பெய்தால், அடிவாரத்திலுள்ள எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் முகத்தில் ஒரு களை வந்துவிடும். மூன்றாம் நாள் வகுப்பில் பாதிப் பேரைக் காணமுடியாது. செய்யாற்றில் புதுத் தண்ணீர் இறங்கிக் கால்வாய் வழியாக ஏரிக்குள் செந்நிறமாக நுரைத்துக்கொண்டு வந்திருக்கும். பிள்ளைகள் தூண்டிலும் கையுமாகக் கரையில் இருப்பார்கள். அவர்களை அழைத்துவரப் போன உபாத்தியாயரும் சில சமயம் அங்கேயே உட்கார்ந்துவிடுவதுண்டு என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

புலால் உண்ணாத நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விரால் சமையலுக்கு மட்டும் உரிய விஷயமன்று.

மற்ற மீன்களைப்போல் செவுளால் மட்டும் அது சுவாசிப்பதில்லை. அடிக்கடி மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிப் போகவேண்டும். இல்லாவிட்டால் நீருக்குள்ளேயே மூச்சு முட்டிப் போகும்! இந்த வினோத அமைப்பினால்தான் கோடையில் ஏரி வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து உயிர் தரிக்கிறது. வலை இழுப்பவர்களை ஏமாற்றுவதும் இந்தச் சேற்று வித்தையாலேயே.

முதல் தண்ணீர் வந்ததும் விரால் ஆழத்தில் இருப்பதில்லை. புதிதாக நனைந்த கரையோரம், கோரையும் அல்லியும் மண்டிய முழங்கால் ஆழத் தண்ணீருக்கு வந்துவிடும். தவளையும் சிறு கெண்டையும் அங்கேதான் அகப்படும். ஆகையால் தூண்டிற்காரன் முதலில் தூண்டிலைத் தொடக்கூடாது. விடியற்காலையில், நிழல் தண்ணீரில் விழாதபடி குந்தி, அரை நாழிகை சும்மா பார்க்கவேண்டும். காற்றில்லாத வேளையில் கோரைத்தண்டு ஒன்று மாத்திரம் அசையும். எங்கோ 'களக்' என்று ஒரு சப்தம் கேட்டு வட்ட அலை விரியும். மூச்சு வாங்க வந்தது அதுதான். வந்த இடத்துக்கே திரும்பவும் வருவது அதன் வழக்கம்.

இரை, உயிருள்ள சிறு தவளை. மூங்கிற்கழியும் தடித்த நரம்பும் போதும், தக்கை வேண்டியதில்லை. தவளையை அல்லி இலையின் ஓரமாக நீந்தவிட வேண்டும். விரால் பாயும்போது தண்ணீர் வெடிப்பதுபோல் ஓசை எழும். அந்தக் கணத்தில் கழியை வெடுக்கென்று இழுப்பவன் தவளையைத்தான் திரும்பப் பெறுவான். நரம்பைத் தளரவிட்டு, மெதுவாகப் பத்து எண்ணி, அது இரையை விழுங்கித் திரும்பும்போது இழுக்கவேண்டும். இந்தப் பத்தை எண்ணக் கற்க எனக்கு மூன்று ஆடி மாதங்கள் பிடித்தன. கணக்கு வாத்தியார் என்று பெயர்!

ஏரித் தூண்டிலுக்கென்றே 1887-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார், சென்னை மாகாண உத்தியோகஸ்தரான ஹெச். எஸ். தாமஸ் என்பவர். எனக்குப் பாடம் சொன்னவரோ எழுத்தறியாத மலைவாசிக் கிழவர்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், கரையோரத்தில் குங்குமத்தைக் கரைத்துக் கொட்டினாற்போல் ஒரு செந்நிறத் திட்டு மிதந்து நகர்வதைக் கண்டேன். நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள்! விரால் புல்லை விலக்கி இடம் செய்து முட்டையிடுகிறது. மஞ்சள் மணிகளாக மிதக்கும் அவை ஓரிரு நாளில் பொரிகின்றன. அதன்பின் ஏறக்குறைய ஒரு மாதம் பெற்றோர் குஞ்சுகளின் கீழேயே சுற்றிக் காவல் காக்கின்றன. கூட்டத்தின் நடுவே எது விழுந்தாலும் பாய்ந்து கவ்வும். பசியினாலன்று, கோபத்தினால்.

நான் தவளையை அங்கே வீசினேன். பத்து எண்ணவேண்டிய அவசியமே நேரவில்லை. முழங்கை நீளத்துக்கு மேற்பட்ட விரால் கரையில் துள்ளியது.

கிழவர் அதைப் பாராமல் தண்ணீரையே பார்த்தார். "வாத்தியாரே, கூட்டத்துல போடாதீங்கன்னு சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

"ஏன், பெரியவரே?"

"சாயந்திரம் வந்து பாருங்க."

சாயந்திரம் போனேன். செந்நிறத் திட்டு இருந்த இடத்தில் இரண்டு கொக்குகளும் ஒரு தண்ணீர்ப் பாம்பும் இருந்தன.

வட அமெரிக்காவில் மஸ்கி என்றொரு பெருமீன் உண்டு. விராலைப்போலப் புல்லோரம் பதுங்கியிருந்து பாயும் சுபாவமுடையது. அதைப் பிடிக்கப் பதினாயிரம் தடவை தூண்டில் வீசவேண்டும் என்று அங்கே ஒரு பேச்சு. அது முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடும். ஆயினும் ஒண்டேரியோ மாகாணத்தில் பெரும்பாலான இடங்களில் வசந்தகாலத்தில் அதைப் பிடிக்கத் தடை. நம் கீழைக் கடற்கரையிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கடலுக்குப் போவதில்லை. வெடியாலும் விஷத்தாலும் மீன் கொல்வதை 1897-ஆம் வருஷத்துச் சட்டமே தடுத்தது. ஆனால் விராலின் குடும்பத்தை அழிக்க வெடியும் வேண்டாம், விஷமும் வேண்டாம். ஒற்றைத் தூண்டில் போதும். நான் அறிந்த ஏரிக்கரைகளில் அதற்காக நாள் குறித்துக் காவல் நிற்பவர் எவருமில்லை.

சென்ற ஆடியில் பிள்ளைகளோடு போயிருந்தேன். முதலில் கண்ணில் பட்டதே ஒரு செந்நிறத் திட்டுதான். "சார், போடட்டுமா?" என்று ஒருவன் கழியை ஓங்கினான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். காலை முழுதும் எதிர்க்கரையில் காத்திருந்தும் வேறொன்றும் அகப்படவில்லை. வீட்டில் என் மனைவி மசாலை அரைத்து, புளியும் கரைத்து வைத்திருந்தாள். அன்று கத்தரிக்காய்க் குழம்பு.