மரம் தரும் பாகு

மார்ச் மாதம் ஒன்டாரியோவில் மகள் வீட்டில் இருந்தேன். கொல்லையில் மூன்று சுகர் மேப்பிள் மரங்கள். "நம்ம ஊர்ப் பதநீர் மாதிரி இதுலயும் இறக்கலாம்மா" என்றாள். பனையில் பாளையைச் சீவுவோம்; இங்கே அடிமரத்தில் துளை!

இரவில் உறைபனி, பகலில் பனி உருகும் வெயில் – இரண்டும் மாறி மாறி வந்தால்தான் நீர் சொட்டும். ஓரடி விட்டம் இல்லாத மரத்தைத் தொடக்கூடாதாம். மாப்பிள்ளை 2 அங்குல ஆழம் துளைத்து, குழாய் செருகி, எவர்சில்வர் வாளி மாட்டினார். பழைய தகர வாளி வேண்டாம். பற்றவைப்பில் ஈயம் இருக்கக்கூடும்.

குடித்தால் வெறும் தண்ணீர்தான், லேசான இனிப்பு. 40 லிட்டர் சுண்டினால் ஒரு லிட்டர் பாகு! முந்தின வருஷம் அடுக்களையில் காய்ச்சிச் சுவரெல்லாம் ஈரமாம். இம்முறை கொல்லையில் விறகடுப்பு. கடைசிப் பதம் மட்டும் உள்ளே: கொதிநீரைவிட 4 டிகிரி சென்டிகிரேட் கூட. பொங்கினால் துளி வெண்ணெய்.

போன் அடித்ததென்று நான் எழுந்து போனதுதான் தப்பு. ஐந்தே நிமிஷம், கருகல் நாற்றம்! பகல் பூராவும் புகையில் நின்ற மகள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த ஈட்டுக்கு நான் அடுப்பை விட்டு அசையவே இல்லை; சூட்டோடு கெட்டித் துணியில் வடிகட்டி, பாட்டிலில் அடைத்தோம்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஆகுமா என்கிறீர்களா? இதுவும் சர்க்கரைதானே!

மொட்டு விரிந்தால் நீரின் ருசி கெட்டுவிடும். குழாயைப் பிடுங்கினோம். துளையை அடைக்கவில்லை, மரமே மூடிக்கொள்ளுமாம்.