மனம் மாறினால்தான் வகுப்பறை மாறுமா?

புதிய கற்பித்தல் முறை ஒன்று வகுப்பறையில் எடுபடாமல் போனால், 'ஆசிரியர்களுக்கு ஆர்வமில்லை' என்று பழியைப் போட்டுவிடுவது எளிது. அதனால்தான் நம் திட்டங்களில் பல, ஆசிரியர்களின் மனத்தை மாற்றும் பயிற்சி முகாமோடு தொடங்குகின்றன. அமெரிக்கக் கல்வியியலாளர் தாமஸ் கஸ்கி 1986இல் முன்வைத்த கருத்து இந்த வரிசையையே திருப்பிப் போட்டது. பயிற்சியில் கேட்கும் உரைகளால் ஆசிரியரின் நம்பிக்கை பெரும்பாலும் மாறுவதில்லை. புதிய முறையைக் கையாண்டு, தன் மாணவர்கள் முன்பைவிட நன்றாகக் கற்பதைப் பார்த்த பிறகே மாறுகிறது என்றார் அவர். இது உண்மையானால், தலைமையாசிரியரின் முதல் வேலை மனமாற்றம் அல்ல. ஆசிரியர் அச்சமின்றி முயன்று பார்க்க இடம் அமைத்துத் தருவது.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலையே எடுத்துக்கொள்வோம். ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளி உருவாக்கிய முறையைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவியது அது. பிள்ளைகள் தரையில் குழுக்களாக அமர்ந்து, பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய கற்றல் ஏணியில் தாம் நிற்கும் படிக்குரிய அட்டையை எடுத்து, அவரவர் வேகத்தில் கற்பார்கள். வகுப்பு முழுவதற்கும் ஒரே பாடம் நடத்திப் பழகிய ஆசிரியருக்குத் தொடக்க வாரங்கள் குழப்பமாகத்தான் இருக்கும். அப்போது தலைமையாசிரியர், 'எத்தனை பாடம் முடித்தீர்கள்?' என்று கேட்டால், ஆசிரியர் மறுநாளே பழைய முறைக்குத் திரும்பிவிடுவார். 'எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது?' என்று கேட்டால் முயற்சி தொடரும். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. அங்கும் ஆசிரியரைத் தாங்கிப் பிடிப்பது இந்த இரண்டாவது கேள்விதான்.

ஆய்வுகளும் இதையே சுட்டுகின்றன. நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஊக்கமும் இலட்சியமும் ஊட்டும் தலைமையைவிட, கற்பித்தலில் நேரடியாக ஈடுபடும் தலைமை மாணவர் கற்றலில் மூன்று நான்கு மடங்கு தாக்கம் கொண்டது என்றது அது. தலைமையாசிரியரின் பணிகளில் மிக வலுவான தாக்கம் காட்டியது, ஆசிரியர்களின் கற்றலை வளர்த்து, அதில் தானும் பங்கேற்பது.

இதற்கு எதிராக மத்தியப் பிரதேசத்தின் அனுபவத்தைக் காட்டலாம். அங்கே பள்ளி நிர்வாகத்தை மேம்படுத்தக் கொண்டுவந்த திட்டத்தைப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ந்தபோது, கற்பித்தலிலோ மாணவர் கற்றலிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. ஆனால் அத்திட்டத்தில் பள்ளிகள் மதிப்பிடப்பட்டன, மேம்பாட்டுத் திட்டங்கள் எழுதப்பட்டன; எழுதியவை வகுப்பறைக்குள் போகவில்லை. தலைமை பயனற்றது என்பதற்கு இது சான்றாகாது. காகிதம் தலைமைக்கு ஈடாகாது என்பதற்கே சான்று. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: தலைமையாசிரியருக்கு நேரம் எங்கே? கல்வி உரிமைச் சட்டம், 2009இன்படி தொடக்கப் பள்ளிக்குத் தனித் தலைமையாசிரியர் வேண்டுமானால் மாணவர் எண்ணிக்கை 150ஐத் தாண்ட வேண்டும். அதற்குக் குறைந்த பள்ளிகளில் தலைமையாசிரியரே வகுப்பெடுத்து, பதிவேடு எழுதி, கல்வித் துறையின் 'எமிஸ்' இணையத் தளத்தில் பள்ளித் தகவலும் ஏற்ற வேண்டும். யாரை ஆசிரியராக நியமிப்பது என்பதும் அவர் கையில் இல்லை.

இந்த மறுப்பு நியாயமானது. ஆனால் அது தலைமையாசிரியரை விடுவிப்பதைவிட, கல்வித் துறையையே அதிகம் கேள்வி கேட்கிறது. வகுப்பெடுக்கும் தலைமையாசிரியர் சக ஆசிரியரின் சிரமத்தை நேரடியாக அறிந்தவர். அது அவருக்குப் பலமே. அவரிடம் இல்லாதது நேரம். அடுத்த புதுத் திட்டத்துக்கு முகாம் நடத்துமுன், பதிவேடுகளையும் தகவல் ஏற்றும் வேலையையும் குறைத்து, வாரத்தில் சில மணி நேரமாவது சக ஆசிரியரின் வகுப்பில் அமர அவருக்குத் துறை வழிசெய்ய வேண்டும். அதைச் செய்யாமல் ஆசிரியர்களின் மனப்பான்மையைக் குறைசொல்வதில் நியாயமில்லை.