உளவளத்துணையாளரின் தாய்மையும் மேற்பார்வையின் பொறுப்பும்

உளவளத்துணையாளர் தமது சொந்த வாழ்வைப் பற்றி, துணைநாடி வருபவரிடம் பேசுவதில்லை. வந்தவரின் துயரே அங்கு பேசப்பட வேண்டும் என்பது அத்தொழிலின் அடிப்படை ஒழுங்காகும். எனினும், கர்ப்பத்தை நெடுநாள் மறைத்து வைக்க முடியாது. அவர் கூறாத செய்தியை அவரது உடலே கூறிவிடுகின்றது.

அச்செய்தி எல்லோரிடத்திலும் மகிழ்ச்சியையே தோற்றுவிக்கும் என நாம் எண்ணிவிடலாகாது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலோ, 2009 இல் முடிவுற்ற யுத்தத்திலோ பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருவர் எதிரே அமர்ந்திருக்கலாம். பிள்ளைப்பேறின்மைக்காக ஊராரின் ஏச்சுக்கு ஆளானவர் அமர்ந்திருக்கலாம். அவர்கள் மனதில் பொறாமையும் கோபமும், இவரும் நம்மைக் கைவிட்டுச் செல்லப்போகின்றார் என்ற அச்சமும் எழுவது இயல்பே. ஆனால், கர்ப்பிணியை நோகடிப்பது பாவம் எனக் கருதும் சமூகம் நமது. எனவே, வாழ்த்துக் கூறிவிட்டு அடுத்த தவணைக்கு வராது நின்றுவிடுவோரும், தமது துயரை மறைத்துப் பேசுவோரும் உளர்.

அமெரிக்க உளவியலாளர்களான ஷெரி பென்ஸ்டர், சுசான் பிலிப்ஸ், எஸ்டெல் ரப்போபோர்ட் ஆகியோர் 1986 இல் வெளியிட்ட நூல், இந்நிலையைச் சிகிச்சைவெளியினுள் நிகழும் ஓர் ஊடுருவலாகவே வர்ணித்தது.

உளவளத்துணையாளரின் நிலையும் இலகுவானதல்ல. களைப்பும், கருவிலுள்ள சிசுவைப் பற்றிய கவலையும், பாதியில் விட்டுச் செல்கின்றோமே என்ற குற்றவுணர்வும் அவரை வாட்டுகின்றன. எதிரே இருப்பவரின் கோபத்தைக் காணாதது போல் கடந்துசெல்லவும் அவர் முற்படலாம்.

இங்குதான் தொழில்சார் மேற்பார்வை அவசியமாகின்றது. செய்தியை எப்போது, எவ்வாறு தெரிவிப்பது, புதியவர்களை ஏற்பதா, வன்முறை அபாயமுள்ளவர்களை யார் பொறுப்பேற்பது, விடுமுறைக் காலத்தில் யாரை நாடுவது என்பனவற்றை மேற்பார்வையாளர் முற்கூட்டியே அவருடன் கலந்து தீர்மானித்தல் வேண்டும். கரு கலைந்துபோகுமாயின், செய்தியறிந்தோரை அவர் எவ்வாறு மீண்டும் எதிர்கொள்வார் என்பதும் சிந்திக்கப்பட வேண்டியதாகும். வாழ்த்துடன் முடித்துக்கொள்வதோ, கர்ப்பத்தைக் குறைபாடாக நோக்குவதோ மேற்பார்வையாகாது.

இந்நாட்டின் அரச ஊழியர்களுக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் பிரசவ விடுமுறை உண்டு. அது தாயின் உரிமை. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால், விடுமுறையில் செல்பவர் ஒருவர். அவரது வெற்றிடத்தை உணர்வோர் பலர். ஏற்கனவே இழப்புகளைச் சுமப்பவர்களுக்கு, முன்னறிவித்தலற்ற பிரிவு இன்னுமோர் இழப்பாகிவிடும். உரிய ஆயத்தத்துடன் நிகழும் பிரிவோ, சென்றவர் மீண்டும் வருவதுண்டு என்ற நம்பிக்கையை அவர்களிடத்தே விதைக்கக்கூடும். அந்த ஆயத்தத்தைத் தனியொரு பெண்ணின் தோளில் சுமத்தாது, நிறுவனங்கள் தமது கடமையாக ஏற்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடாகும்.