நாற்சந்தியில் நின்ற பெண்கள்

நிறமா, பாலினமா, வர்க்கமா? 'ஏதாவது ஒன்றைச் சொல்' என்று கேட்டவர்களுக்கு அமெரிக்கக் கறுப்புப் பெண்கள் அளித்த பதில் ஒரு சிந்தனை மரபாகவே வளர்ந்திருக்கிறது. அந்தப் பதில் இந்திய உச்ச நீதிமன்றம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்புப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். இடம், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். 1970களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தம் வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற பணிமூப்பு விதிப்படி அங்கே ஆட்குறைப்பு நடந்தது. விதி என்னவோ எல்லோருக்கும் பொதுதான். ஆனால் 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்புப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. தாமதமாக உள்ளே விடப்பட்டவர்கள், தாமதமாக வந்தார்கள் என்பதற்காகவே முதலில் வெளியேற்றப்பட்டார்கள். 1970க்குப் பின் சேர்ந்த கறுப்புப் பெண்களில் ஒருவருக்கும் வேலை மிஞ்சவில்லை.

1976இல் வந்த தீர்ப்பு விசித்திரமானது. பெண் என்பதால் பாகுபாடு என்கிறீர்களா? நிறுவனம் 1964க்கு முன்பே பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறதே என்றது நீதிமன்றம். அந்தப் பெண்கள் எல்லோரும் வெள்ளையர்கள் என்பது அதற்குப் பொருட்டாகப்படவில்லை. நிறத்தால் பாகுபாடு என்கிறீர்களா? அதற்கு ஏற்கெனவே வேறொரு வழக்கு நடக்கிறது, அதில் சேர்ந்துகொள்ளுங்கள் என்றது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நியாயம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று முடித்துவிட்டது. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தத் தர்க்கத்தை முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் பணிமூப்பு விதியில் அது கை வைக்கவும் இல்லை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்தப் பெண்களின் நிலை அதைவிட மோசம். இரண்டு பக்கமும் அடி விழுந்தது உண்மை, ஆனால் எந்தப் பக்கமும் விழுந்ததாகக் கணக்கில் வரவில்லை.

இந்தத் தீர்ப்பைக் கையிலெடுத்து 1989இல் ஒரு கட்டுரை எழுதினார் சட்டப் பேராசிரியை கிம்பர்லே கிரென்ஷா. சாலைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு பெண் அடிபட்டுக் கிடக்கிறாள். வண்டி எந்தச் சாலையிலிருந்தும் வந்திருக்கலாம், எல்லாச் சாலைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்து மோதியுமிருக்கலாம். எந்த வண்டி என்று சொன்னால்தான் சிகிச்சை என்பது எப்படி நியாயமாகும் என்பதே அவர் வாதத்தின் சாரம். இதற்கு அவர் வைத்த பெயர் 'இன்டர்செக்‌ஷனாலிட்டி'. தமிழில் இதை ஊடுவெட்டு, குறுக்குவெட்டு என்றெல்லாம் எழுதிப் பார்க்கிறோம். நாற்சந்தி என்றால் சட்டென்று புரிந்துவிடும்.

பெயர் புதிது, பிரச்சினை பழையது. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற சோஜர்னர் ட்ரூத், 1851இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் பேசினார். ஆண்களுக்கு இணையாக உழைத்த தன் உடலையே சாட்சியாக நிறுத்தி, பெண்களுக்கும் உரிமை கேட்டார். ஆனால் 'நான் பெண்ணில்லையா?' என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும், இன்று உலகமறிந்த அந்தப் பேச்சு வடிவம் 12 ஆண்டுகள் கழித்து, 1863இல், பிரான்சிஸ் கேஜ் என்ற வெள்ளைப் பெண்மணி வெளியிட்டது. 1851இலேயே பத்திரிகையில் வந்த பதிவில் அந்தக் கேள்வி இல்லை. அதுமட்டுமல்ல, கேஜ் அவரைத் தென்மாநில அடிமைகளின் கொச்சையில் பேச வைத்தார். ட்ரூத்தோ நியூயார்க் மாநிலத்துக்காரர், குழந்தையாக முதலில் பேசிய மொழி டச்சு. ஆதரித்தவர்கள்கூட அவரை அவர் குரலில் பேச விடவில்லை.

தங்கள் குரலில் தாங்களே பேசுவது என்று 1974இல் பாஸ்டனில் சில கறுப்புப் பெண்கள் முடிவெடுத்தார்கள். குழுவின் பெயர் கோம்பாஹி ரிவர் கலெக்டிவ். உள்நாட்டுப் போரின்போது, 1863இல், தென் கரோலினாவின் கோம்பாஹி ஆற்றங்கரையில் ஹாரியட் டப்மன் முன்னின்று வழிநடத்திய படையெடுப்பு 700க்கும் மேற்பட்ட அடிமைகளை விடுவித்தது. அந்த நினைவில் வைத்த பெயர் அது. 1977இல் வெளியான அவர்களது அறிக்கை நிறம், பாலினம், வர்க்கம் ஆகியவற்றின் ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை என்றது. 'அடையாள அரசியல்' என்ற சொல்லுக்கும் அந்த அறிக்கைதான் மூலம். இன்று அது வசைச்சொல்லாகிவிட்டது. அவர்கள் கேட்டதோ தனிச்சலுகை அல்ல. கறுப்புப் பெண் விடுதலை பெற வேண்டுமானால் எல்லா ஒடுக்குமுறைகளும் ஒழிந்தாக வேண்டும், ஆகவே அவள் விடுதலையில் எல்லோரின் விடுதலையும் அடங்கியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்குக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1979 ஜனவரி முதல் மே வரை பாஸ்டனில் 12 கறுப்புப் பெண்கள் கொலையுண்டார்கள். இது நிறவெறி என்று பொதுக்கூட்டங்களில் முழங்கினார்கள். செத்தவர்கள் அனைவரும் பெண்கள் என்பதை யாரும் பேசவில்லை. குழுவைச் சேர்ந்த பார்பரா ஸ்மித்தும் தோழியரும் ஒரு துண்டுப் பிரசுரம் தயாரித்தார்கள். ஆறு கறுப்புப் பெண்கள் ஏன் செத்தார்கள் என்பது அதன் தலைப்பு. மறுபதிப்பு வரும்போதெல்லாம் தலைப்பிலிருந்த எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியிருந்தது.

வர்க்கத்தைப் பற்றிக் கூர்மையாகப் பேசியவர் கென்டக்கியில் பிறந்த பெல் ஹூக்ஸ் (1952-2021). இது அவருடைய கொள்ளுப்பாட்டியின் பெயர். தன்னைவிட எழுத்தே முக்கியம் என்பதற்காக ஆங்கிலத்தில் அதைச் சிறிய எழுத்துகளிலேயே எழுதினார். தமிழில் அந்த அடக்கத்தைக் காட்ட வழியில்லை. வீட்டுக்குள் புழுங்கும் இல்லத்தரசியின் துயரத்தை 1963இல் பெட்டி ஃப்ரீடன் எழுதியபோது அமெரிக்கப் பெண்ணியம் விழித்துக்கொண்டது. 1984இல் ஹூக்ஸ் கேட்டார்: அந்த வெள்ளை இல்லத்தரசி வேலைக்குப் போனால் அவள் வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ளப் போவது யார்? கறுப்புப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பிறர் வீடுகளில் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். 1935இல் அமெரிக்கா சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது வீட்டு வேலைக்காரர்களையும் பண்ணைத் தொழிலாளர்களையும் அதிலிருந்து விலக்கி வைத்தது. சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேவையும் இருக்கவில்லை.

பண்பாடு என்று வந்தால் பின்னிய கூந்தல்கூட வழக்காகும். தலை முழுவதும் சிறு சிறு பின்னல்களாகப் பின்னிக்கொள்வது கறுப்புப் பெண்களிடம் தொன்றுதொட்டு இருக்கும் வழக்கம். வேலையில் அது கூடாது என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தடுக்க, ரெனே ராஜர்ஸ் என்ற ஊழியர் நீதிமன்றம் போனார். 1981இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. தோலைப் போலப் பின்னல் பிறவியிலேயே வந்ததல்ல என்றார் நீதிபதி. போதாததற்கு, போ டெரக் என்ற வெள்ளை நடிகை 1979இல் ஒரு படத்தில் இப்படிப் பின்னிக்கொண்டு வந்த பிறகே இவரும் பின்னிக்கொண்டார் என்ற விமான நிறுவனத்தின் வாதத்தையும் தீர்ப்பு குறிப்பிட்டது. பாட்டியிடமிருந்து வந்ததை நடிகையிடம் கடன் வாங்கியதாகக் கணக்கெழுதினார்கள். முடியை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்காவில் முதலில் இயற்றிய மாநிலம் கலிபோர்னியா, 2019இல்.

இயக்கத்தைப் பிளக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் எப்போதும் இருந்தது. கறுப்பு ஆண்களும் சொன்னார்கள், வெள்ளைப் பெண்களும் சொன்னார்கள். இவர்கள் தந்த பதில் எளிமையானது: பிளவு ஏற்கெனவே இருக்கிறது, அதில் விழுந்து கிடப்பவர்கள் நாங்கள்.

இந்தியாவுக்கு இந்தப் பேச்சு அந்நியமல்ல. 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1998இல் சமூகவியலாளர் ஷர்மிளா ரேகே, தலித் பெண்களின் நோக்கிலிருந்து பெண்ணியத்தை மறுபரிசீலனை செய்தபோது கறுப்புப் பெண்ணியத்தோடும் விவாதித்தார். 2021 ஏப்ரலில் கிரென்ஷாவின் கருத்தை உச்ச நீதிமன்றமே எடுத்தாண்டது. ஆந்திராவில் பாலியல் வன்முறைக்கு ஆளான, பிறவியிலேயே பார்வையற்ற, தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்ணின் வழக்கு அது. சாதி, பாலினம், உடற்குறை மூன்றும் சேர்ந்து அவரை எப்படிப் பலவீனமாக்கின என்று தீர்ப்பு விரிவாகப் பேசியது. குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விதித்த தண்டனை நிற்கவில்லை. குற்றம் நடந்தபோது அமலில் இருந்த சட்டப்படி, அந்தப் பெண்ணின் சாதியே குற்றத்துக்குக் காரணம் என்று நிரூபிக்க வேண்டும், அதற்குச் சாட்சியமில்லை என்றது நீதிமன்றம். அந்தப் பிரிவு 2016இல்தான் திருத்தத்துக்குள்ளானது. நாற்சந்தியைப் பார்த்துவிட்ட நீதிமன்றம்கூட, பழைய சட்டத்தின் கட்டுக்குள் நின்று, எந்தச் சாலை என்று கேட்க வேண்டியதாயிற்று. செயின்ட் லூயிஸ் பெண்கள் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன் பதில் சொல்ல மறுத்த கேள்வி அது.