கடல் கடந்த நம்ம ஊர்க்காரர் லீவு நாளில் என்ன செய்வார், தெரியுமா?

விருத்தாசலம் ஜங்ஷனில் திருச்சி ரயிலுக்கு நிற்கும் கூட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நைலான் கயிறு கட்டி, நாலு பக்கமும் ஸ்கெட்ச் பேனாவில் பெயர் எழுதிய அட்டைப்பெட்டியோடு ஓர் இளைஞர் நிற்பார். பெட்டிக்குள் ஊறுகாய், பொடி வகை, பண்ருட்டி முந்திரி! திருச்சியில் விமானம் ஏறினால் மறுநாள் அவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். அங்கே அவர் பார்க்கும் வேலை நமக்குத் தெரியும், அனுப்பும் பணமும் தெரியும். வேலை முடிந்த பிறகு அவர் எப்படி வாழ்கிறார்? அவருக்கு முன்பு கடல் கடந்தவர்கள் எப்படிப் போனார்கள்? படித்துப் பாருங்கள், அசந்துபோவீர்கள்!

ஒரே கப்பலில் 5,000 பேர், தெரியுமா?
விமானம் எட்டாக்கனியாக இருந்த காலத்தில் நம் முன்னோரைச் சுமந்தது 'ரஜூலா' கப்பல். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. ஐயாயிரம் பயணிகளுக்கு மேல் ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது! பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தே கடல் கடந்தவர்கள். இன்று அதே தூரத்துக்கு விமானத்தில் சுமார் நாலரை மணி நேரம்தான்.

சிங்கப்பூருக்குச் சூளை போட்டவர் ஒரு தமிழர், தெரியுமா?
மண்ணைச் சுட்டு பீங்கானாக்கும் விருத்தாசலத்துக்காரர்களே, இது உங்களுக்கு! 1819இல், நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர் நாராயண பிள்ளை. தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை வைத்து, கட்டடம் எழுப்பும் தொழிலில் இறங்கினார். 1822இல் அவருடைய துணிக்கடை தீயில் எரிந்ததால் கடனாளியானார். ஆனாலும் மீண்டு எழுந்தார்! 1827இல் அவர் மரத்தாலும் ஓலையாலும் எழுப்பிய மாரியம்மன் கோவில்தான் சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோவில். பிழைக்கப் போன இடத்தில் முதலில் சூளை, அடுத்தது சாமி!

ஞாயிற்றுக்கிழமை ஒரு தெருவே நம் ஊராகிவிடும், தெரியுமா?
சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஞாயிறு மதியம் நடந்தால் தோளோடு தோள் உரசும். தேக்கா சந்தையில் கறிவேப்பிலை, முருங்கைக்காய். முடிவெட்டும் கடையில் வரிசை. ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில் அதைவிட நீண்ட வரிசை. இந்த வேலைகளை முடித்துக்கொண்டு நம்மவர்கள் புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஊர்க்கதை பேசி, பொட்டலம் பிரித்துச் சாப்பிடுவார்கள். 1924இல் தொடங்கிய ஆனந்த பவனும் 1947இல் தொடங்கிய கோமள விலாஸும் இன்னும் அங்கே சுடச்சுட தோசை போடுகின்றன!

வெளிநாட்டு நாணயத்தில் தமிழ், தெரியுமா?
சிங்கப்பூர் நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள், 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கும்! தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. 'தமிழ் முரசு' நாளிதழ் 1935 முதல் வருகிறது. 'ஒலி 96.8' வானொலி இரவு பகலாகத் தமிழ் பேசுகிறது.

கட்டுமானத் தொழிலாளர் கவிஞராகிறார், தெரியுமா?
சிங்கப்பூரில் 2014இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு கவிதைப் போட்டி தொடங்கியது. பகலெல்லாம் கம்பி கட்டிய கைகள் இரவில் விடுதிக் கட்டிலில் எழுதிய வரிகள் அங்கே மேடையேறின. வங்காளி, சீனர், இந்தோனேசியரோடு தமிழரும் எழுதினார்கள்!

அரபு மண்ணில் வார விடுமுறையே மாறியது, தெரியுமா?
2022 ஜனவரி முதல் ஐக்கிய அரபு அமீரக அரசு, தன் அலுவலகங்களின் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. வெள்ளி அரை நாள் வேலை. அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் தொழிலாளர்களைப் பொதுவாக வேலை வாங்கக் கூடாது, அது சட்டம்! விடுமுறை மாலையில் ஒரு திர்ஹம் கொடுத்தால் 'அப்ரா' படகில் துபாய் கடற்கழியின் அக்கரைக்குப் போகலாம்.

உலகக் கோப்பையைக் கிரிக்கெட் மைதானத்தில் பார்த்தார்கள், தெரியுமா?
கத்தாரில் 2022 உலகக் கோப்பைக் கால்பந்துத் திருவிழா நடந்தபோது, தோஹா தொழிற்பேட்டைப் பகுதியிலுள்ள ஏஷியன் டவுன் கிரிக்கெட் மைதானத்தில் ராட்சதத் திரை வைத்தார்கள். போட்டி நடந்த அரங்குகளைக் கட்டிய தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, ஆரவாரத்தோடு ஆட்டம் பார்த்தார்கள்!

இரண்டு நாட்டு முருகனும் ஒரே கைவண்ணம், தெரியுமா?
மலேசியா பத்துமலையில் 2006இல் எழுந்த 140 அடி முருகனை வடித்தவர் திருவாரூர் தியாகராஜன். அவரே வடித்த 146 அடி முருகன் 2022 முதல் முத்துமலையில் நிற்கிறார். விருத்தாசலத்திலிருந்து சேலம் போகும் வழியில் ஆத்தூரைத் தாண்டினால் போதும்!

கடவுளிடமே மனு, தெரியுமா?
விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோவில். குறையைத் தாளில் எழுதி, முனியப்பர் சந்நிதியில் பிராது கட்டுவார்கள். மனுதாரரின் ஊருக்கும் கோவிலுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டுப் படிப்பணம்! குறை தீர்ந்தால் மறுபடி வந்து மனுவைத் திரும்பப் பெற வேண்டும். பிள்ளை அக்கரையில் இருக்க, பெற்றவர்கள் இக்கரையில் கைகூப்பி நிற்பதைப் பார்த்தால் மனம் உருகிப்போகும்.

275 ரூபாயில் 10 லட்சம் காப்பீடு, தெரியுமா?
குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில், அந்த அனுமதி கட்டாயமான நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். கிளம்பும் முன் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்!

ஓர் ஆண்டில் 11,100 கோடி டாலர், தெரியுமா?
உலக வங்கிக் கணக்குப்படி 2022இல் வெளிநாடு வாழ் இந்தியர்கள் வீட்டுக்கு அனுப்பிய தொகை இது. ஓர் ஆண்டில் 10,000 கோடி டாலரைத் தாண்டிய முதல் நாடு நாம்தான்! அந்தப் பணத்தில் கம்பி கட்டியவர், கார் ஓட்டியவர், சமைத்தவர் எல்லாருடைய வியர்வையும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நமக்கு இரவு 8 மணி என்றால் சிங்கப்பூரில் 10.30, துபாயில் 6.30. தூக்கத்தை விட்டு, களைப்பை மறந்து அவர்கள் கூப்பிடும் நேரம் அது. அடுத்த முறை போன் வந்ததும் "பணம் போட்டாச்சா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "லீவுக்கு எங்கப்பா போன? என்ன சாப்பிட்ட?" என்று கேளுங்கள். இந்தப் பட்டியலில் இல்லாத நூறு ஆச்சரியங்களை அவரே உங்களுக்குச் சொல்வார்!