இரைச்சலின் பொறியியல் – 9: 120 ஹெர்ட்ஸ் தலைவலி

அமெரிக்காவில் வி8 எஞ்சின் பிக்அப் வாங்கிய பலருக்கு முதலில் கை துறுதுறுப்பது சைலன்சர் மீதுதான். கம்பெனி பொருத்திய பெரிய டப்பாவைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்றை மாட்டுவார்கள். தெருமுனையில் திரும்பும்போதே வண்டி உறுமும், அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும். ஊருக்குள் ஓட்டும் வரை எல்லாம் சுகம்தான். நெடுஞ்சாலையில் ஏறி, மணிக்கு 110 கிலோமீட்டரில் வேகத்தை நிறுத்திய பிறகு வினை ஆரம்பிக்கும். உறுமல் அடங்கி, 'கும்'மென்று ஒரே சுருதியில் ஓர் இரைச்சல் கேபினுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பாட்டுக் கேட்க முடியாது, பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. இரண்டு மணி நேரத்தில் தலை கனத்துவிடும்.

பழையதையே திரும்ப மாட்டிவிடலாமா என்று யோசனை வரும். கூடவே ஒரு பயமும் வரும்: சத்தம் குறைந்தால் இழுவையும் குறைந்துவிடுமே?

இந்தப் பயத்துக்கு வயது நூறுக்கு மேல். இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சின் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றது 1897இல். அந்தக் காலத்துச் சைலன்சர்கள் நிஜமாகவே எஞ்சினை மூச்சுமுட்ட வைத்தன. அதனால் பல கார்களில் 'கட்-அவுட்' என்றொரு சின்னக் கதவு இருந்தது. மேட்டில் ஏறும்போது அதைத் திறந்தால், புகை சைலன்சருக்குள் போகாமல் நேராக வெளியேறும். சத்தம் போட்டால் சக்தி, சத்தம் அடங்கினால் சோர்வு என்ற கணக்கு அப்போதே மனசில் பதிந்துவிட்டது.

கணக்கு தப்பு. புகைக்குழாய்க்குள் இரண்டு சமாச்சாரங்கள் ஓடுகின்றன. ஒன்று, வெளியேறும் வாயு. மற்றொன்று, ஒவ்வொரு சிலிண்டரின் வால்வு திறக்கும்போதும் கிளம்பும் அழுத்த அலை. வாயுவின் வழியை மறித்தால்தான் சக்தி போகும். காதுக்கு வருவது அலை. வாயுவைத் தொடாமல் அலையை மட்டும் பிடித்துவிட முடியுமானால் இரண்டும் கிடைக்கும்.

முடியும். அதற்கு, தொல்லை கொடுக்கும் அலை எது என்று முதலில் தெரியவேண்டும். வி8 எஞ்சினில் கிராங்க் ஒருமுறை சுற்றினால் நான்கு சிலிண்டர்கள் வெடிக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் நிமிடத்துக்கு 1,800 சுற்று என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 30 சுற்று, 120 வெடிப்பு. அதாவது 120 ஹெர்ட்ஸ். பிக்அப்பின் கேபின் ஏறக்குறைய ஒரு மூடிய பெட்டி. தலைக்குப் பின்னாலேயே தட்டையான சுவரும் கண்ணாடியும் இருக்கின்றன. இப்படிப்பட்ட தாழ்ந்த சுருதிக்கு அது அப்படியே கூடச் சேர்ந்து அதிரும். வெளியே நிற்பவருக்கு அவ்வளவாகத் தெரியாத சத்தம் உள்ளே இருப்பவரை வாட்டுவது அதனால்தான்.

சிலிண்டர்களில் பாதியை நிறுத்தி எரிபொருளை மிச்சப்படுத்தும் எஞ்சின்களில் சிக்கல் இன்னும் கூடும். செவ்ரோலே சில்வராடோவின் 5.3 லிட்டர் எஞ்சின் நான்கு சிலிண்டரில் ஓடும்போது, 1,500 சுற்றில் வெடிப்பு 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். சுருதி இவ்வளவு தாழ்ந்தால் சின்ன டப்பா எதுவும் அதை அசைக்காது.

இதற்குக் கைகண்ட மருந்து ஒன்று உண்டு. புகைக்குழாயின் பக்கவாட்டில் ஒரு கிளைக்குழாயைப் பற்றவைத்து, அதன் மறுமுனையை அடைத்துவிடுவது. இடம் போதாமல் வளைத்து வைப்பதால் 'ஜே' எழுத்துபோல் இருக்கும், பெயரும் ஜே-பைப் என்றே ஆகிவிட்டது. அலை அதற்குள் போய், அடைத்த முனையில் மோதித் திரும்பும். கிளையின் நீளம் அலைநீளத்தில் கால்பங்காக இருந்தால், போய்வரும் தூரம் அரை அலை. திரும்பி வரும் அலை, பிரதான குழாயில் வரும் அலைக்கு நேர் எதிராக நின்று அதை அழிக்கும். வாயு இந்தச் சந்துக்குள் ஓடுவதே இல்லை. இழுவையில் கைவைக்காத வைத்தியம் என்றால் இதுதான்.

நீளத்தைக் கணக்கிடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒலியின் வேகம் சூட்டைப் பொறுத்தது. அறைக்காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். 300 டிகிரி செல்சியஸ் புகையில் சுமார் 480. 120 ஹெர்ட்ஸுக்கு முதல் கணக்கில் 71 சென்டிமீட்டர் வரும், இரண்டாவதில் 1 மீட்டர். எது சரி? பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில். அடைத்த கிளைக்குள் வாயு தேங்கி நிற்பதால், பிரதான குழாயைவிடச் சூடு குறைவு. 150 டிகிரி என்றால் சுமார் 86 சென்டிமீட்டர். விவரம் தெரிந்தவர்கள் முதலில் கைபேசிச் செயலியில் இரைச்சலின் ஹெர்ட்ஸைப் பிடிப்பார்கள். பிறகு கிளையைக் கொஞ்சம் நீளமாக விட்டு, ஓட்டிப் பார்த்து, அறுத்து அறுத்துச் சரிக்கு வருவார்கள். அறுத்ததை ஒட்டுவதைவிட அது சுலபம்.

ஜே-பைப்புக்கு ஒரு வரம்பு உண்டு. அது ஒரு சுருதியையும் அதன் அண்டை அயலையும்தான் கவனிக்கும். மற்ற சத்தத்துக்குச் சைலன்சர்தான் வேண்டும். அதிலும் 'நேர்வழி' ரகம் நல்லது: நடுவில் துளைகள் நிறைந்த நேரான குழாய், அதைச் சுற்றி இழைப்பஞ்சு, வெளியே ஒரு கூடு. வாயு வளையாமல் போகும், அலையின் மேல்சுருதிகளைப் பஞ்சு உறிஞ்சும். இதில் கஞ்சத்தனம் கூடாது. ஒரே ரகத்தில் நீளமான, பெரிய டப்பாவை வாங்கினால் சத்தம்தான் குறையும், வாயுவுக்கு அதே நேர்வழிதான். சின்ன டப்பா 'பெர்ஃபார்மன்ஸ்' தரும் என்பது விளம்பரம் செய்த வேலை.

அடுத்த மோகம் இரட்டைக்குழாய். பிக்அப் வி8களில் ஒவ்வொரு புறத்துச் சிலிண்டர் வரிசையும் தனியாகப் பார்த்தால் சீரான இடைவெளியில் வெடிப்பதில்லை. இரண்டு வரிசையையும் சேர்த்தால்தான் தாளம் சமமாகும். அதனால்தான் தொழிற்சாலையில் இரு குழாய்களையும் ஒன்றாக இணைத்து, ஒரே சைலன்சருக்குள் விடுகிறார்கள். அந்த இணைப்பை வெட்டி, இரண்டையும் பின்பக்கம்வரை தனித்தனியே இழுத்தால் தாழ்ந்த சுருதிகள் மறுபடி தலைதூக்கும். இரட்டைக்குழாய்தான் வேண்டும் என்பவர், நடுவில் 'எக்ஸ்' வடிவ இணைப்பாவது வைத்துக்கொள்ளட்டும்.

குழாயின் விட்டம்? 2.5 அங்குலத்திலிருந்து 3 அங்குலத்துக்குப் போனால் பரப்பு 44 சதவீதம் கூடும். வாயுவின் தடை, ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஆகவே உச்சச் சுற்றில் பலன் தெரியும். சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவருக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் செலவழிக்கும் முன், கசிவைப் பார்த்துவிடுவது உத்தமம். எஞ்சின் தலையோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் போல்ட் முறிவது பிக்அப்களில் சகஜம். காலையில் குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் இரும்பு விரிந்து அது நின்றுபோனால், குற்றவாளி சைலன்சர் அல்ல.

வண்டிக் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 2019 மாடல் ராம் 1500, நான்கு சிலிண்டரில் ஓடும்போது எழும் அதிர்வை அடக்க சட்டத்திலேயே எதிரதிர்வு தரும் கருவிகளைப் பொருத்தியது. கேபினுக்குள் ஒலிபெருக்கி வழியே எதிரலையும் உண்டு. ஃபோர்டு வேறு வழியில் போய்விட்டது. எஃப்-150இன் 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் வி6இல், புகை டர்போவின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுத்தான் வெளியேறும். அலையின் வீச்சில் கணிசமான பகுதி அங்கேயே செலவாகிவிடுவதால் சத்தமும் குறைவு, சக்தியும் அதிகம். வாங்கியவர்களுக்கு அந்த அமைதி பிடிக்காமல் போய்விடுமோ என்ற கவலை கம்பெனிக்கு. எஃப்-150இன் கேபினில் கேட்கும் உறுமலில் ஒரு பங்கு ஒலிபெருக்கியின் கைவண்ணம் என்று 2015இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியபோது, உண்மையான உறுமல் வேண்டும் என்று சண்டைக்கு வந்தவர்கள் பலர்.